வெளிச்சம் + வெளிச்சம் = இருட்டு: காலேஜ் லேபில் 'ரீடிங்' மட்டும் எடுத்துவிட்டு வந்த அந்தப் பரிசோதனை என்னதான் சொல்கிறது?

எரிகிற விளக்குக்குப் பக்கத்தில் இன்னொரு விளக்கை ஏற்றினால் அறையில் வெளிச்சம் கூடும். இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனால், கல்லூரியில் இயற்பியல் லேபுக்குள் நுழைந்த பலரும் இதற்கு நேர்மாறான ஒன்றைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். ஒளியோடு ஒளி சேர்ந்து இருட்டாகும் காட்சி அது. சிக்கல் என்னவென்றால், பார்த்த பலருக்கும் தாங்கள் பார்த்தது அதைத்தான் என்று தெரியாது.

ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸ் லேப் ஞாபகம் இருக்கிறதா? இருட்டாக்கிய அறை, மஞ்சளாக எரியும் சோடியம் விளக்கு, டிராவலிங் மைக்ராஸ்கோப். 'ஏர் வெட்ஜ்' அல்லது 'நியூட்டன்ஸ் ரிங்ஸ்' என்று ஒரு எக்ஸ்பெரிமென்ட். ஒருவர் குனிந்து பார்த்து எண்களைச் சொல்ல, இன்னொருவர் அப்சர்வேஷன் நோட்டில் எழுதுவார். நேரம் போதாவிட்டால் மீதி ரீடிங் சீனியரின் ரெக்கார்டிலிருந்து வந்துவிடும். விடை சரியாக வந்ததா, கையெழுத்து வாங்கியாச்சா, வேலை முடிந்தது.

அந்த மைக்ராஸ்கோப்பில் மாறி மாறித் தெரிந்த மஞ்சள், கறுப்புக் கோடுகள்தான் ஒளி ஓர் அலை என்பதற்கான நேரடி ஆதாரம். இதைத்தான் பாடப்புத்தகம் 'குறுக்கீட்டு விளைவு' என்கிறது. அது எப்படி நடக்கிறது, லேபில் எப்படிக் காட்டுகிறார்கள், ரீடிங்கை 'அட்ஜஸ்ட்' செய்தால் எதை இழக்கிறோம்? பார்க்கலாம்.

குறுக்கீட்டு விளைவு என்றால் என்ன?

அசையாமல் கிடக்கும் குளத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கற்களைப் போடுங்கள். இரண்டு இடத்திலிருந்தும் வட்ட வட்டமாக அலைகள் கிளம்பி ஒன்றையொன்று தாண்டிப் போகும். ஓர் அலையின் மேடும் இன்னோர் அலையின் மேடும் சந்திக்கும் இடத்தில் தண்ணீர் இன்னும் உயரமாக எழும்பும். ஒன்றின் மேடும் இன்னொன்றின் பள்ளமும் சந்தித்தால்? இரண்டும் கழிந்து தண்ணீர் அப்படியே சமமாக நிற்கும்.

ஒளியிலும் இதேதான். மேடும் மேடும் சேர்ந்தால் பொலிவான பட்டை. மேடும் பள்ளமும் சேர்ந்தால் கருமையான பட்டை. எந்த இடத்தில் எது என்பதைத் தீர்மானிப்பது 'பாதை வேறுபாடு'. அதாவது, இரண்டு அலைகளில் ஒன்று மற்றதைவிட எவ்வளவு அதிகத் தூரம் பயணித்து வந்திருக்கிறது என்ற கணக்கு. அந்த வித்தியாசம் முழு அலைநீளமாக இருந்தால் வெளிச்சம், அரை அலைநீளமாக இருந்தால் இருட்டு.

அலைநீளம் என்பது எவ்வளவு சிறியது? சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளிக்குச் சராசரியாக 589.3 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்குள் கிட்டத்தட்ட 1,700 அலைகள் அடங்கும். இவ்வளவு நுண்ணிய ஒன்றை, சாதாரணக் கண்ணாடித் துண்டுகளை வைத்துக்கொண்டு ஒரு மாணவரால் அளக்க முடிகிறது என்பதுதான் இந்தப் பரிசோதனையின் அழகே.

அப்போ ரெண்டு டார்ச் அடித்தால் ஏன் கோடு தெரிவதில்லை?

நியாயமான கேள்வி. வீட்டுச் சுவரில் இரண்டு டார்ச் வெளிச்சம் ஒன்றின்மேல் ஒன்று விழும்போது கறுப்புக் கோடு எதுவும் தெரிவதில்லையே?

காரணம், சாதாரண விளக்கிலிருந்து வருவது ஒரே சீரான நீண்ட அலை அல்ல. கோடிக்கணக்கான அணுக்கள் தனித்தனியாக, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல், மிகக் குறுகிய நேரத்துக்கு ஒளியை உமிழ்கின்றன. ஆகவே இரண்டு விளக்குகளின் அலைகளுக்கு இடையே நிலையான ஒத்திசைவு கிடையாது. இந்த நொடிப்பிளவில் இருட்டாக இருக்கும் இடம் அடுத்த நொடிப்பிளவில் வெளிச்சமாகிவிடும். இந்த மாற்றம் கண்ணால் பிடிக்க முடியாத வேகத்தில் நடப்பதால், மொத்தமாகக் கலந்து வெறும் வெளிச்சமாகத் தெரிகிறது.

இதற்கு ஒரே வழிதான்: ஒரே மூலத்திலிருந்து வரும் ஒளியை இரண்டாகப் பிரித்து, கொஞ்சம் வேறுபட்ட தூரம் பயணிக்க வைத்து, மறுபடி சேர்க்க வேண்டும். இரண்டு பங்கும் ஒரே தாய்வயிற்றுப் பிள்ளைகள் என்பதால், மூலத்தில் என்ன மாற்றம் நடந்தாலும் அது இரண்டிலும் ஒன்றாகவே நடக்கும். இப்படிப்பட்ட மூலங்களைத்தான் பாடப்புத்தகம் 'ஓரியல் மூலங்கள்' என்கிறது.

நியூட்டனின் வளையம், நியூட்டனுக்கு எதிரான சாட்சி

ஒளி என்பது துகள்களின் ஓட்டம் என்ற கருத்தின் பக்கம் நின்றவர் ஐசக் நியூட்டன். ஆனால் லென்சைத் தட்டைக் கண்ணாடிமேல் வைத்தால் நடுவில் தோன்றும் வண்ண வளையங்களைக் கவனமாக அளந்து, 1704-ல் வெளியான 'ஆப்டிக்ஸ்' நூலில் எழுதியவரும் அவரேதான். இன்று அவை அவர் பெயரிலேயே 'நியூட்டன் வளையங்கள்' எனப்படுகின்றன.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, தாமஸ் யங் என்ற ஆங்கிலேய மருத்துவர் அலைக் கொள்கையைக் கையில் எடுத்தார். 1801-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் ஆற்றிய உரையில், நியூட்டன் எடுத்து வைத்திருந்த அதே அளவுகளைப் பயன்படுத்தி ஒவ்வொரு நிறத்துக்குமான அலைநீளத்தைக் கணக்கிட்டார். எதிர்த்தரப்பின் ரீடிங்கை வைத்தே தன் வழக்கை நடத்தியது போல!

1803-ல் அவர் விவரித்த இன்னொரு பரிசோதனை இன்னும் எளிமையானது. ஜன்னல் கதவில் சின்னத் துளை வழியே வரும் சூரியக் கதிருக்குக் குறுக்கே, அங்குலத்தில் முப்பதில் ஒரு பங்கு அகலமுள்ள அட்டைத் துண்டைப் பிடித்தார். அட்டையின் இரு பக்கமும் பிரிந்து சென்ற ஒளி, அதன் நிழலுக்குள் சேர்ந்து கோடுகளை உண்டாக்கியது. அட்டையின் ஒரு பக்கத்து ஒளியை மறைத்ததும் அந்தக் கோடுகள் மறைந்தன. ஆக, கோடு வர இரண்டு பக்கத்து ஒளியும் தேவை. நமக்குப் பழக்கமான 'இரட்டைப் பிளவு' வடிவத்தை 1807-ல் அச்சான தன் விரிவுரைகளில் யங் விளக்கினார்.

உடனே எல்லாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. 'எடின்பரோ ரெவ்யூ' இதழில் ஹென்றி புரூம் யங்கைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். பிரான்ஸில் ஃபிரெனல் வலுவான கணித விளக்கத்துடன் வந்த பிறகுதான் அலைக் கொள்கை நிலைபெற்றது.

லேபில் எப்படிக் காட்டுகிறார்கள்?

பொதுவாக மூன்று வழிகள்.

1. இரட்டைப் பிளவு: இப்போது லேசர் வந்துவிட்டதால் இது ரொம்ப ஈஸி. 0.25 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு பிளவுகள், 650 நானோமீட்டர் சிவப்பு லேசர், 2 மீட்டர் தள்ளி ஒரு திரை. அலைநீளத்தைத் திரையின் தூரத்தால் பெருக்கி, பிளவுகளின் இடைவெளியால் வகுத்தால் பட்டை அகலம் கிடைக்கும்: 5.2 மில்லிமீட்டர். சாதாரண ஸ்கேலால் அளந்துவிடலாம்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயங்கள் இரண்டு. பிளவுகளை இன்னும் நெருக்கமாக வைத்தால், திரையில் பட்டைகள் நெருங்குவதில்லை, விலகிப்போகின்றன. ஒளி துகள்போல நேர்கோட்டில் மட்டும் போனால் இது நடக்காது. இரண்டாவது, ஒரு பிளவை மூடிப் பாருங்கள். இதுவரை கறுப்பாக இருந்த இடத்தில் வெளிச்சம் வந்துவிடும். ஒளியைத் தடுத்தோம், வெளிச்சம் கூடியது! குறுக்கீட்டு விளைவை நம்பாதவரையும் நம்ப வைக்கும் காட்சி இது.

2. நியூட்டன் வளையங்கள்: தட்டைக் கண்ணாடிமேல் மெல்லிய வளைவுள்ள குவிலென்ஸ். இரண்டுக்கும் நடுவே காற்றுப் படலம், நடுவில் தொட்டுக்கொண்டும் வெளியே போகப் போகத் தடித்துக்கொண்டும் இருக்கும். சோடியம் ஒளியை மேலிருந்து விழச்செய்தால், படலத்தின் மேற்பரப்பில் ஒரு பங்கும் கீழ்ப்பரப்பில் ஒரு பங்கும் திரும்பி வந்து சேர்கின்றன. விளைவு, வட்ட வட்டமாகப் பட்டைகள்.

லென்சின் வளைவு ஆரம் 1 மீட்டர் என்றால் பத்தாவது கரு வளையத்தின் விட்டம் சுமார் 4.85 மில்லிமீட்டர். எல்லா வளையமும் சம இடைவெளியில் இருக்காது. முதல் கரு வளையத்தின் ஆரத்தைப்போல் இரண்டு மடங்கு ஆரம் நான்காவது வளையத்துக்கு, மூன்று மடங்கு ஒன்பதாவது வளையத்துக்கு. விட்டத்தின் வர்க்கம்தான் சீராகக் கூடும்.

3. ஏர் வெட்ஜ்: இரண்டு கண்ணாடித் தகடுகளை ஒரு முனையில் சேர்த்துக் கட்டி, மறுமுனையில் ஒரு முடியையோ மெல்லிய கம்பியையோ செருகினால், நடுவில் ஆப்பு வடிவில் காற்று அடைபடும். இதில் வளையத்துக்குப் பதில் நேர்கோட்டுப் பட்டைகள். முடி 0.05 மில்லிமீட்டர் தடிமன், தொடும் முனையிலிருந்து 5 சென்டிமீட்டர் தூரம் என்று வைத்துக்கொண்டால் பட்டை அகலம் சுமார் 0.29 மில்லிமீட்டர். டிராவலிங் மைக்ராஸ்கோப்பின் மீச்சிற்றளவோ 0.01 மில்லிமீட்டர். ஒவ்வொரு பட்டையாக அளந்தால் பிழை பெரிதாகும். அதனால்தான் ஐந்து, பத்து பட்டைகளுக்கு ஒரு ரீடிங் எடுக்கச் சொல்கிறார்கள்.

ஒரு சின்னக் குறிப்பு: சோடியம் விளக்கு சுவிட்ச் போட்டவுடன் இளஞ்சிவப்பாக எரியும். அது உள்ளே இருக்கும் நியான் வாயுவின் நிறம். சூடேறிச் சோடியம் ஆவியான பிறகுதான் முழு மஞ்சள் வரும். அவசரப்பட்டு அதற்குள் ரீடிங் எடுக்க உட்கார்ந்தால் தெளிவான வளையம் கிடைக்காது.

நடுவில் ஏன் கறுப்பு? வைவாவில் கேட்கும் அந்தக் கேள்வி

நியூட்டன் வளையத்தின் நடுவில் லென்சும் தகடும் தொட்டுக்கொள்கின்றன. காற்றுப் படலமே இல்லை, பாதை வேறுபாடும் பூஜ்யம். அப்படியென்றால் நடுப்புள்ளி பளிச்சென்று இருக்க வேண்டாமா? ஆனால் கறுப்பாக இருக்கிறது.

விடை, எதிரொளிப்பில் இருக்கிறது. கண்ணாடியிலிருந்து காற்றுக்குப் போகும் இடத்தில் திரும்பும் அலை அப்படியே திரும்புகிறது. காற்றிலிருந்து கண்ணாடிக்குப் போகும் இடத்தில் திரும்பும் அலையோ தலைகீழாகிவிடுகிறது: மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும். சுவரில் கட்டிய கயிற்றை ஒரு உதறு உதறினால், மேலாகப் போன அலை கீழாகத் திரும்பி வருவதுபோல. ஆக, தூர வித்தியாசம் இல்லாவிட்டாலும் ஒன்று நேராக, ஒன்று தலைகீழாக வருவதால் இரண்டும் கழிந்துவிடுகின்றன.

சில நேரம் நடுப்புள்ளி வெளிச்சமாகத் தெரியும். பெரும்பாலும் லென்சுக்கு அடியில் தூசு இருக்கும். அதற்காக எல்லாம் வீணாகிவிடாது. இரண்டு வளையங்களின் விட்ட வர்க்கங்களைக் கழித்துத்தான் கணக்குப் போடுகிறோம். தூசு கொடுத்த கூடுதல் உயரம் எல்லா வளையத்துக்கும் பொது என்பதால், கழிக்கும்போது அது தானாகவே அடிபட்டுவிடும். ரெக்கார்டில் மனப்பாடமாக எழுதும் அந்த ஃபார்முலாவின் சூட்சுமம் இதுதான்.

காணாமல்போன ஒளி எங்கே போனது?

ஆற்றலை அழிக்க முடியாது என்று பள்ளியில் படித்தோம். அப்படியானால் கறுப்புப் பட்டையில் விழுந்த ஒளி என்ன ஆனது?

அது அழியவில்லை, இடம் மாறியிருக்கிறது. சமமான இரண்டு அலைகள் முழுமையாக ஒத்துச் சேரும் இடத்தில் வெளிச்சம் இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு ஆகிறது. கருமைப் பட்டையின் நடுவில் பூஜ்யம். சராசரி எடுத்தால் பழையபடி இரண்டு மடங்குதான். இங்கே குறைந்தது அங்கே கூடியிருக்கிறது, கணக்கு டேலி.

நியூட்டன் வளையத்தில் இதை நேராகவே சோதிக்கலாம். மேலிருந்து பார்க்கும்போது கறுப்பாகத் தெரியும் நடுப்புள்ளி, தகட்டுக்குக் கீழே ஊடுருவி வரும் ஒளியில் பார்த்தால் வெளிச்சமாகத் தெரியும். மேலே வராத ஒளி கீழே போயிருக்கிறது.

ஒளி அலைதான் என்றால் கதை முடிந்ததா?

இல்லை. 1909-ல் கேம்பிரிட்ஜில் ஜி.ஐ. டெய்லர் ஒரு பரிசோதனை செய்தார். புகைபடிந்த கண்ணாடிகளால் ஒளியை மிக மிக மங்கலாக்கி, ஓர் ஊசியின் நிழலைப் புகைப்படத் தகட்டில் பதிய விட்டார். மிக நீண்ட பதிவுக்கு ஏறக்குறைய 3 மாதம் ஆனது. அவ்வளவு மங்கலான ஒளியிலும் கோடுகளின் தெளிவு குறையவில்லை. பின்னாளில், ஒளியைத் தனித்தனி ஃபோட்டானாக அனுப்பியும் சோதித்தார்கள். ஒவ்வொரு ஃபோட்டானும் திரையில் ஒரே ஒரு புள்ளியாக விழுகிறது. ஆனால் ஆயிரக்கணக்கான புள்ளிகள் சேரும்போது அதே பட்டைகள் உருவாகின்றன. குவாண்டம் இயற்பியலின் மையப் புதிர் இந்த லேப் மேசையிலிருந்தே தொடங்குகிறது.

ரீடிங்கை 'குக்' பண்ணினால் என்ன நஷ்டம்?

விடை 589.3 என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் பின்னாலிருந்து கணக்குப் போட்டு ரீடிங்கை எழுதிவிடுவது பல லேபுகளிலும் சகஜம். மார்க்கும் கிடைத்துவிடுகிறது. இதில் என்ன பெரிய குற்றம் என்று தோன்றலாம்.

சென்னை மாநிலக் கல்லூரியின் கதை இதற்குப் பதில் சொல்லும். 1900-களின் தொடக்கத்தில் அங்கே படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர், கல்லூரியின் ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஒளி மிகச் சாய்வாகப் பட்டுத் திரும்பும்போது தெரிந்த பட்டைகளைக் கவனித்தார். அவை இரு பக்கமும் ஒரே மாதிரி இல்லை. அதை ஒதுக்கிவிட்டுப் புத்தகத்து விடையை எழுதியிருக்கலாம். அவர் அளந்தார், காரணம் தேடினார், கட்டுரையாக எழுதினார். 1906-ல் 'பிலசாபிகல் மேகசின்' என்ற ஆங்கில அறிவியல் இதழில் அது வெளியானது. அந்த மாணவர் சி.வி. ராமன். 1930-ல் நோபல் பரிசு பெற்றவரின் முதல் ஆய்வுக் கட்டுரை, ஒரு கல்லூரி லேபில் எதிர்பார்த்தபடி வராத பட்டைகளிலிருந்து பிறந்தது.

589-க்குப் பதில் 560 வந்தால், அந்த 29-க்குப் பின்னால் ஏதோ ஒரு காரணம் ஒளிந்திருக்கிறது. மைக்ராஸ்கோப் திருகை முன்னும் பின்னும் திருப்பியதால் வந்த பேக்லாஷ் பிழையா? வளையத்தை எண்ணும்போது ஒன்றை விட்டுவிட்டோமா? லென்சின் வளைவு ஆரத்தைத் தப்பாக எடுத்தோமா? இந்தத் தேடல்தான் லேபில் கற்க வேண்டிய பாடம். வேலைக்குப் போன பிறகு எக்செல் ஷீட்டில் எண்கள் ஒத்துவராதபோது கைகொடுப்பதும் இதே பழக்கம்தான். விடையைத் தெரிந்துகொண்டு ரீடிங் எழுதியவர், தவற்றைத் தேடக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பைத்தான் தொலைக்கிறார்.

வீட்டிலேயே செய்து பார்க்க முடியுமா?

தாராளமாக. குறைந்த திறனுள்ள சிவப்பு லேசர் பாயின்டர், ஒரு தலைமுடி, இருட்டான அறை போதும். முடியை ஒரு அட்டைத் துளையின் குறுக்கே ஒட்டி, அதன்மேல் லேசர் படும்படி வைத்தால், 3 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் வரிசையாகப் புள்ளிகளும் இடையிடையே கறுப்பு இடைவெளிகளும் தெரியும். யங் பிடித்த அட்டைக்குப் பதில் இங்கே முடி, அவ்வளவுதான். பாடப்புத்தகம் இதை 'விளிம்பு விளைவு' என்ற தலைப்பில் வைக்கும். ஆனால் அடிப்படை அதே அலைக்கூட்டல்தான்.

நடுவில் உள்ள பெரிய வெளிச்சத்தை விட்டுவிட்டு, ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வரும் இரண்டு கறுப்பு இடங்களுக்கு இடையே உள்ள தூரத்தை அளங்கள். அலைநீளத்தைச் சுவரின் தூரத்தால் பெருக்கி, அளந்த தூரத்தால் வகுத்தால் முடியின் தடிமன் வந்துவிடும். 650 நானோமீட்டர் லேசரில் 2.8 சென்டிமீட்டர் வந்தால், உங்கள் முடி சுமார் 0.07 மில்லிமீட்டர்.

ஒரு எச்சரிக்கை: லேசரை நேராகவோ, கண்ணாடியில் பட்டுத் திரும்பும்போதோ கண்ணில் படவிடக் கூடாது. சின்னக் குழந்தைகள் கையில் கொடுக்கவும் வேண்டாம்.

சரி, நிஜ வாழ்க்கையில் இதற்கு என்ன வேலை?

மழை நாளில் சாலையில் சிந்திய எண்ணெய் வானவில்லாகத் தெரிவதும், சோப்புக் குமிழியின் நிறங்களும் குறுக்கீட்டு விளைவுதான். படலத்தின் தடிமனுக்கேற்ப சில நிறங்கள் கழிந்து, சில நிறங்கள் கூடித் தெரிகின்றன.

உங்கள் மூக்குக்கண்ணாடியிலும் மொபைல் கேமரா லென்சிலும் லேசான பச்சையோ ஊதாவோ மின்னுகிறதா? அது ஆன்டி-ரிஃப்ளெக்ஷன் பூச்சு. இந்த வகையில் பழைய பூச்சுப் பொருளான மெக்னீசியம் ஃபுளோரைடு என்றால் தடிமன் சுமார் 100 நானோமீட்டர். பூச்சின் மேலும் கீழும் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று கழித்துக்கொள்ள, கண்ணாடிப் பளபளப்பு குறைந்து அதிக ஒளி உள்ளே போகிறது.

பெரிய அளவில் பார்த்தால், அமெரிக்காவின் லைகோ ஆய்வகமும் இதே தத்துவம்தான். லேசர் ஒளியைப் பிரித்து, 4 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டு கரங்களில் அனுப்பி, திரும்பச் சேர்க்கிறார்கள். சாதாரண நேரத்தில் இரண்டும் கழிந்து வெளியே வரும் பக்கம் ஏறக்குறைய இருட்டாக இருக்கும். 2015 செப்டம்பர் 14 அன்று அந்த இருட்டில் ஒரு சின்ன மாற்றம் பதிவானது. இரண்டு கருந்துளைகள் மோதிக் கிளப்பிய ஈர்ப்பு அலை, கரங்களின் நீளத்தை ஒரு புரோட்டானின் விட்டத்தைவிட நூற்றுக்கணக்கான மடங்கு சிறிய அளவுக்கு மாற்றியிருந்தது. மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் அமையவிருக்கும் லைகோ-இந்தியாவுக்கு 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ரூ.2,600 கோடி ஒப்புதல் அளித்தது. அங்கே வேலை செய்யப்போகிறவர்கள் தங்கள் முதல் கருமைப் பட்டையைப் பார்க்கும் இடம் ஏதோ ஒரு கல்லூரி லேபாகத்தான் இருக்கும்.

இப்போது லேபுக்குப் போகும் தம்பி தங்கை வீட்டில் இருந்தால், ஒரு விஷயம் சொல்லி அனுப்புங்கள். ரீடிங் முடிந்ததும், அனுமதி கேட்டு, லென்சுக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கட்டும். தண்ணீருக்குள் ஒளியின் அலைநீளம் குறைவதால் வளையங்கள் சுருங்கும். பழைய விட்டத்தின் வர்க்கத்தைப் புதிய விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால், தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33-க்குப் பக்கத்தில் வர வேண்டும். வராவிட்டால் இன்னும் நல்லது. ஏன் வரவில்லை என்று தேடத் தொடங்கலாம்.